மதினியின் முழங்காலும் மீன் தராசும்

அன்றைக்கு அந்தக் கொட்டகைக்குள் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: நான், எனக்கு அண்ணன் முறையான மீன் கம்பெனிக்காரரின் மனைவியாகிய மதினி, தொண்டியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த, நாங்கள் லாத்தா என்று கூப்பிடும் முஸ்லிம் அக்கா, எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்ற கணக்குப்பிள்ளை. ஐஸ் பெட்டிக்கு அடியில் ஒரு பூனை கிடந்தது. அதற்கும் கணக்கு உண்டென்றால் ஐந்து.

மீன் எடை போடுகிற மின்தராசு அது. இரும்புப் பலகை தரையோடு தரையாகக் கிடக்கும். அதன் தலைமாட்டில் ஒரு கம்பம், கம்பத்தின் உச்சியில் சிவப்பு எண்கள் ஓடும். காலையில் வள்ளங்கள் கரைக்கு வந்ததும் எங்கள் ஊர் மீனெல்லாம் அதில் ஏறி இறங்கும். மதியம் கழுவிவிட்டுச் சாக்கைப் போட்டு மூடிவிடுவார்கள். அந்தச் சாக்கை மதினி கைத்தடியால் ஒதுக்கினார்.

“மீன் தராசுல மனுசர் ஏறக் கூடாதுக்கா,” என்று சுவரிடம் சொன்னார் கணக்குப்பிள்ளை. “ராசி போயிரும்.”

“ஏறுனா என்ன, ஏலத்துல விட்டுருவீகளோ?” என்றார் மதினி.

“ஆரு எடுப்பா? ஐஸ் செலவுக்கே கட்டாது,” என்றார் லாத்தா.

நாங்கள் மூவரும் சிரித்தோம். கணக்குப்பிள்ளை சிரிக்கவில்லை. துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பெண்கள் எடை பார்க்கிற இடத்தில் நிற்க வெட்கப்படுகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

மதினி என் தோளையும் லாத்தாவின் தோளையும் பிடித்துக்கொண்டு ஏறினார். ஏறியதும் எங்களை விட்டுவிடச் சொன்னார். சிவப்பு எண்கள் கொஞ்ச நேரம் மேலும் கீழும் தடுமாறின. பிறகு தொண்ணூறில் நின்றன.

“தொண்ணூறா? நல்லாப் பாரு புள்ள. எட்டா, சைபரா?”

“சைபர்தான் மதினி.”

மதுரை ஆஸ்பத்திரியில் அவரைத் தொண்ணூற்றெட்டு என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். அதற்கும் இதற்கும் நடுவில் தவக்காலம் வந்து போயிருந்தது. மதினி நாற்பது நாளும் கறி முட்டை தொடாமல் ஒரு வேளை சாப்பாட்டை விட்டிருந்தார். தராசின் மேலேயே நின்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

“தவக்காலத்துக்கு எட்டுக் கிலோ கழிச்சிருக்காரு ஆண்டவரு,” என்றார்.

“எங்களுக்கு நோம்புல ஏறும், ஒங்களுக்கு எறங்குதா?” என்றார் லாத்தா. “கஞ்சியும் சமோசாவும் இல்லாத நோம்புன்னா நானும் எறங்குவேன்.”

அடுத்து நான் ஏறினேன். அறுபத்தைந்து. இருவரும் கை தட்டினார்கள். நான் மட்டும் அந்த எண்களை மறுபடி பார்த்தேன். பொங்கலுக்கு முன்னால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் எழுபத்தொன்று இருந்தேன். தவக்காலத்தில் நான் ஒன்றையும் விட்டதில்லை. வயிறு நிறையத் தின்கிற ஒருத்திக்கு ஆறு கிலோ எப்படிக் குறையும்? சர்க்கரையா, அதைவிடக் கெட்டதா? கை தட்டுகிறவர்கள் முன்னால் இதைக் கேட்க முடியவில்லை. சிரித்துவிட்டு இறங்கினேன்.

மதினியின் முழங்கால் கதையைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. வலதுகால் உள்பக்கம் வளைந்துவிட்டது. வீட்டில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டே நடப்பார். அவருக்கு அதுகூடப் பெரிதில்லை. கோயிலில் நற்கருணை வாங்க எல்லாரும் வரிசையாக எழுந்து போகும்போது, அவர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார். சாமியார் பீடத்திலிருந்து இறங்கி வந்து அவருக்குக் கொடுப்பார். ஊரே திரும்பிப் பார்க்கும்.

“ஆண்டவரு என்னையத் தேடி வாராருன்னு பெருமையா இருக்கணும். எனக்கு மானம் போகுது புள்ள. ஒரு தடவையாச்சும் நானாப் போயி நிக்கணும்,” என்பார்.

மதுரை டாக்டர் ஆபரேஷன் செய்யலாம் என்றுதான் சொன்னார். எடை எண்பத்தைந்துக்குக் கீழே வர வேண்டும், தொடைச் சதை கெட்டிப்பட வேண்டும், அப்போதுதான் வைக்கிற மூட்டு நிற்கும், மழைக்காலம் முடிந்து வாருங்கள் என்றார். பணத்துக்கு மதினி அண்ணனிடம் கை நீட்டவில்லை. சொந்தமாகச் சீட்டுப் போட்டுச் சேர்த்துக்கொண்டிருந்தார். எண்பத்தைந்துக்குக் கீழே. அந்த எண்ணுக்காகத்தான் நாங்கள் மூவரும் கூடினோம்.

லாத்தா எங்கள் ஊர்க்காரர் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் கம்பெனிக்கு நல்ல மீனும் கருவாடும் வாங்க வருவார். அப்படித்தான் மதினிக்குப் பழக்கம். கணவருடன் ஷார்ஜாவில் சில வருஷம் இருந்திருக்கிறார். அங்கே அவர்கள் குடியிருந்த கட்டடத்திலேயே பெண்களுக்கு என்று ஒரு ஜிம் உண்டாம். சும்மா எட்டிப் பார்க்கப் போனவர், பளு தூக்கிப் பழகி, பிள்ளைகள் படிப்புக்காக ஊர் திரும்பியபோது பாதி ஆளாக வந்து இறங்கினாராம். “எங்க உம்மாவே, யாருடி நீன்னு கேட்டாக,” என்பார். மதினியின் காலைப் பார்த்துவிட்டு அவராகவே சொன்னார்: “நான் வாரேன் மதினி. ஒத்தையாக் கொறைக்க முடியாது. பக்கத்துல ஒருத்தி மூச்சு வாங்குனாத்தான் நமக்கும் ரோசம் வரும்.” அந்த ஒருத்தியாக நான் போனேன்.

கம்பெனிக் கொட்டகைக்கு நாலு பக்கமும் சுவர் உண்டு. மதியத்துக்கு மேல் ஆள் வராது. லாத்தா மதியத் தொழுகையை முடித்துவிட்டு வருவார், சாயங்கால அசர் தொழுகைக்குள் வீடு திரும்பிவிடுவார். அந்த இடைவெளிதான் எங்களுக்கு. தரை எவ்வளவு கழுவினாலும் சூடை மீனின் எண்ணெய் வாசம் போகாது. அந்த வாசத்தில்தான் நாங்கள் கஸரத் செய்தோம். லாத்தாதான் எங்கள் உடற்பயிற்சிக்குக் கஸரத் என்று பேர் வைத்தார்.

பளு வாங்கக் காசு செலவழிக்கவில்லை. ஐந்து லிட்டர் எண்ணெய் கேனில் கடல் மணலை அடைத்தோம். வள்ளத்தின் பழைய கயிற்றைத் தூணில் கட்டி இழுத்தோம். மதினியின் காலுக்கு என்ன செய்வது என்று லாத்தா யோசித்துக்கொண்டிருந்தபோது எனக்கு வலை ஞாபகம் வந்தது. வலையின் அடிக்கயிற்றில் கோத்திருக்கும் ஈயக்குண்டுகளை உருவி, பழைய சேலைப் பட்டியில் வரிசையாக வைத்துத் தைத்தேன். அதைக் கணுக்காலில் சுற்றிக் கட்டி, நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நேராக நீட்டித் தூக்க வேண்டும். தொடை நடுங்கும். நடுங்கும்வரை இறக்கக் கூடாது.

“எறக்கட்டுமா?”

“எறக்கக் கூடாது.”

“ஏ லாத்தா, செத்துருவேன்.”

“மவுத்தானா நாங்க தூக்கணும்ல? அதுக்காச்சும் எடையக் கொறைங்க. தூக்குங்க, இன்னும் தூக்குங்க. மாஷா அல்லா!”

“மாஷா அல்லாவும் வேணாம், மாதாவும் வேணாம், இந்தக் குண்ட அவுத்துவிடு!”

வாயில் அப்படிச் சொன்னாலும் இறக்க மாட்டார். ஆரம்பத்தில் நாற்காலியிலிருந்து எழ இரண்டு கையும் ஊன்றியவர், பிறகு ஒரு கையை ஊன்றினார். ஆடி மாதம் ஒரு நாள் இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார். நின்றுவிட்டு எங்களைப் பார்த்த பார்வையை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். திருடியதைக் கண்டுபிடிக்காமல் விட்டுவிட்டார்களா என்று பார்க்கிற பிள்ளையின் முகம்.

சாப்பாட்டுக்கும் லாத்தாதான் சட்டம் போட்டார். சோற்று மலையைப் பாதியாக்க வேண்டும், மீதிப் பாதிக்குக் கீரை. ஒரு வேளை குதிரைவாலி. டீயில் சீனி கிடையாது. பரோட்டாவின் பேரையே எடுக்கக் கூடாது. மீனைப் பொரிக்காமல் புளியும் மிளகும் போட்டு அவிக்க வேண்டும். “அவிச்ச மீனு போட்டதும் எங்க வீட்டுப் பூனையே பக்கத்து வீட்டுக்குப் போயிருச்சு,” என்பார் மதினி. எங்கள் பெண்களுக்கு ஒரு பழக்கம். நல்ல மீனை விற்றுவிடுவோம். விலை போகாததைக் குழம்பு வைத்து, அதில் மீனைவிடச் சோற்றைத்தான் அதிகம் தின்போம். அதைச் சொன்னதும் லாத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “கடலு ஒங்க வாசல்ல கெடக்கு. நீங்க சோத்தத் தின்னு வீங்குறீங்க,” என்றார். அதன் பிறகு என் வீட்டுக்காரர் கொண்டுவருகிற மீனில் ஒரு பங்கை எங்களுக்கென்று எடுத்து வைத்தேன். கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

அபராதமும் வைத்திருந்தோம். வாரம் ஒருமுறை தராசில் ஏற வேண்டும். யாருக்கு எவ்வளவு கூடியதோ அவ்வளவு எடை மீனை மற்ற இருவருக்கும் அவர் கொடுக்க வேண்டும். லாத்தா சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் இனிப்பு வட்டலப்பம் தின்றுவிட்டு முக்கால் கிலோ கூடி வந்து, முக்கால் கிலோ நண்டு வாங்கிக் கொடுத்தார். அந்த நண்டையும் அதே தராசில்தான் போட்டோம்.

இவ்வளவுக்கும் நடுவில் எனக்குள் அந்த ஆறு கிலோ கிடந்து அரித்தது. நான் இயற்கையிலேயே பயந்தவள். காற்று திரும்பினால் வள்ளத்துக்கு என்ன ஆச்சோ என்று கரையில் போய் நிற்பேன். போன் அடித்தால் ஒரு நிமிஷம் எடுக்க மாட்டேன். அந்த ஒரு மாதமும் கண்ணாடியில் கண்ணின் கீழ் இமையை இழுத்து இழுத்துப் பார்த்தேன். தராசு அறுபத்தைந்திலிருந்து அறுபத்துநாலாக இறங்கிய அன்று, பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்பதுவரை போய்விட்டேன். மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். நர்ஸம்மா எடை பார்த்தார், விரலில் குத்தி ரத்தம் பார்த்தார்.

“சுகர் இல்ல. எடை எழுபது. போன தடவைக்கு ஒண்ணு கொறைச்சிருக்கீங்க. நல்லதுதானே, எதுக்கு அழுகுறீங்க?”

அழுததுகூட எனக்குத் தெரியவில்லை. வெளியே வந்து சந்தோஷத்தில் இரண்டு உளுந்த வடை தின்றேன். இரண்டாவது வடையைப் பாதி தின்னும்போதுதான் புத்தியில் தட்டியது. என் உடம்பு சரியாக இருக்கிறது என்றால் தராசு சரியாக இல்லை. எழுபதுக்கு ஆறு குறைக்கிறது. அப்படியானால் அம்பதுக்கு நாலு. என் வீட்டுக்காரர் கொண்டுபோய்ப் போடுகிற மீன்?

நான் ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவள். பாம்பன் பக்கம் என் அம்மாவோடு கடல்பாசி எடுக்கப் போய்விட்டேன். பாசி வியாபாரி மண்ணுக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று எங்கள் கண் முன்னால் கழிப்பார். எடை என்றால் கொஞ்சம் போகத்தான் செய்யும் என்று பழகிய புத்தி எனக்கு. அதனால்தான் தராசைச் சந்தேகப்படாமல் என் உடம்பைச் சந்தேகப்பட்டேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் வலைக்கண்ணை முடிந்துகொண்டே கேட்டார்.

“ஊரறிஞ்சதுதான். ஐஸ் தண்ணிக்குன்னு அம்பதுக்கு ஒண்ணு எடுப்பாக.”

“ஒண்ணு இல்ல. நாலு.”

அவர் கை நின்றது. பிறகு மறுபடி முடியத் தொடங்கினார். “கம்பெனியில வாங்குன அட்வான்ஸ் கடன் கெடக்கு. வாயப் பொத்திக்கிட்டு இரு,” என்றார்.

லாத்தாவிடம் மட்டும் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். மீனைப் பற்றி அவர் நினைக்கவில்லை, மதினியைத்தான் நினைத்தார். அன்றைக்குத் தராசு எண்பத்தெட்டு காட்டியிருந்தது. நிஜத்தில் தொண்ணூற்றைந்தோ ஆறோ இருக்கும்.

“இப்பச் சொன்னா ஒடஞ்சு போயிருவாக,” என்றார் லாத்தா. “அந்த நம்பரப் பாத்துத்தான் ஈயக்குண்டத் தூக்குறாக. நாம கூடக் கொறைக்க வைப்போம். அந்தத் தராசுல எழுபத்தெட்டு வரட்டும், நெசத்துல எம்பத்தஞ்சு வந்துரும். அப்பறம் மதுரைக்குப் போவோம், இன்ஷா அல்லா.”

நல்ல யோசனையாகத்தான் பட்டது. இருவரும் மதினியைத் துரத்தினோம். டாக்டர் சொன்னது போதாது, எழுபத்தெட்டுக்கு வந்தால் மூட்டு இன்னும் நாள் நிற்கும் என்று இல்லாததைச் சொன்னோம். மதினிக்குச் சிரிப்பு.

“ஏத்தா, என்னைய ஒணக்கிக் கருவாடாக்கப் போறீகளா?”

மழை முடிந்து டாக்டர் கொடுத்த நாள் வந்தது. தராசு எண்பத்துநாலு. இன்னும் ஒரு மாதம் தள்ளிப் போகலாம் என்று கெஞ்சிப் பார்த்தேன். வழியில் கார் கவிழ்ந்ததாகக் கனவு கண்டேன் என்றுகூடச் சொன்னேன். அது பொய்யும் இல்லை, அப்படிக் கனவு எனக்கு அடிக்கடி வரும். “ஒனக்கு எதுலதான் பயமில்ல?” என்று மதினி என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் புதுச் சேலை கட்டிக்கொண்டார். வாடகைக் காரில் மூவரும் போனோம். போகிற வழியெல்லாம் ஆபரேஷன் முடிந்து கோயிலுக்கு எந்தச் சேலையில் போவது என்பதுதான் பேச்சு.

ஆஸ்பத்திரித் தராசு சின்னது, கண்ணாடிப் பலகை. மதினி யாரையும் பிடிக்காமல் ஏறினார். தொண்ணூற்றொன்று.

“தப்பா இருக்கும்மா. நேத்து எம்பத்திநாலு,” என்றார் மதினி.

“எந்தத் தராசுல பாத்தீங்க?” என்று நர்ஸ் பிள்ளை கேட்டது.

“எங்க கம்பெனித் தராசு.”

“என்ன கம்பெனி?”

“மீனு.”

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கெட்ட பிள்ளை இல்லை, சிரிப்பை அடக்கத்தான் பார்த்தது. டாக்டர் பழைய சீட்டைப் பார்த்தார். “ஏழு கிலோ கொறைச்சிருக்கீங்கம்மா. தொடை நல்லா ஸ்ட்ராங்கா இருக்கு. அருமை. இன்னும் ஆறு கிலோ கொறைச்சிட்டு வாங்க, முடிச்சிரலாம்,” என்றார். அவர் நல்ல வார்த்தைதான் சொன்னார். மதினியின் காதில் அது விழவில்லை. அவர் அந்தக் கண்ணாடிப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். வியாபாரியின் மனைவி. எண்பத்துநாலுக்கும் தொண்ணூற்றொன்றுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இன்றுவரை என்னைக் குத்துவது அதற்குப் பிறகு வந்த கார்ப் பயணம்தான். மதுரையிலிருந்து திருவாடானைவரை ஒருவரும் பேசவில்லை. ஏழு கிலோ நிஜம். ஈயக்குண்டு கட்டிய ஒவ்வொரு மதியமும் நிஜம். கை ஊன்றாமல் எழுந்தது நிஜம். மாதக்கணக்காக ‘தூக்குங்க, தூக்குங்க’ என்று கத்திய இரண்டு பேர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். ‘மதினி, ஏழு கிலோ எறங்கியிருக்கீங்க’ என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும். ஊக்கம் என்று ஒன்று தேவைப்பட்டது அந்த ஒரு நாள்தான். அன்றைக்குப் பார்த்து எங்கள் இருவருக்கும் வாய் கட்டிப் போயிற்று.

திருவாடானையில் டீக்கடையில் நிறுத்தச் சொன்னார். “எனக்குச் சீனி போட்டு,” என்றார். குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்.

“ஒங்களுக்குத் தெரியுமா?”

லாத்தா தலையைக் குனிந்துகொண்டார். “தெரியும் மதினி,” என்றேன்.

“மனுசருக்கு மட்டுமா அப்படிக் காட்டுது, மீனுக்குமா?”

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தம்ளரை வைத்துவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார்.

மறுநாள் காலை வள்ளங்கள் வந்து ஏலம் நடக்கிற நேரம். மதினி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். பின்னால் வீட்டு வேலைக்காரர் சீல் பிரிக்காத அரிசி மூட்டை ஒன்றைத் தூக்கி வந்தார். இருபத்தைந்து கிலோ என்று மூட்டையில் அச்சடித்திருந்தது. “ஏத்து,” என்றார் மதினி. தராசு இருபத்துமூன்று காட்டியது. மீன்கூடையோடு நின்ற ஆண்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். என் வீட்டுக்காரரும் நின்றார். கணக்குப்பிள்ளை அன்றைக்குப் போலவே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அண்ணன் கூச்சல் போடவில்லை. “அட்வான்ஸுக்கு நான் வட்டியா வாங்குறேன்? எல்லாக் கம்பெனியிலயும் இப்படித்தான் ஓடுது. அதுக்குத்தான் இது,” என்றார்.

“அப்ப வட்டின்னு சொல்லி வாங்குங்க,” என்றார் மதினி. “நானும்தான் அதுல ஏறி நின்னு சிலுவை போட்டேன்.”

அன்றிலிருந்து தராசு சரியாக ஓடுகிறது. தினமும் முதலில் அரிசி மூட்டை ஏறும், பிறகுதான் மீன். மதினி பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ஊர் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடும் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் ஆகவில்லை. அட்வான்ஸுக்கு அண்ணன் இப்போது வெளிப்படையாக வட்டி கேட்கிறார் என்று சிலருக்கு எரிச்சல். கரையில் ஒரு நாள் ஒருத்தி என் காது கேட்கவே சொன்னாள்: “மூட்டைய ஏத்திக் கண்டுபிடிக்கல, அவளையே ஏத்தி நிறுத்துல்ல கண்டுபிடிச்சாக!” எல்லாரும் சிரித்தார்கள். மதினி கூப்பிடு தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அந்த வார மதியங்களில் அவர் கொட்டகைக்கு வரவில்லை. நானும் லாத்தாவும் மணல் கேனைத் தூக்கிவிட்டு, பேச ஒன்றுமில்லாமல் கலைந்தோம். பிறகு லாத்தாவும் வருவதை நிறுத்திக்கொண்டார். போனில் மட்டும் கேட்பார்: “மதினி மனசு எறங்கி வந்தாகளா?”

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மதினி என் வீட்டுக்கு வந்தார். கைத்தடியை மணலில் ஊன்றி ஊன்றி, நடுவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கி வந்தார். கையில் மஞ்சள் பை.

“ரெண்டு வருசத்துக்குக் கணக்குப் போட்டேன் புள்ள. அதுக்கு முன்னாடி உள்ளது ஆண்டவருக்கே வெளிச்சம். ஒன் வீட்டுக்கு நாப்பத்தெட்டாயிரம் வருது. இந்தா, இப்பதைக்குப் பதினஞ்சு.”

“இது எங்குள்ள காசு மதினி?”

“எங்கிட்ட இருக்குற காசு.”

சீட்டுக் காசு. முழங்கால் காசு. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். “அண்ணன் குடுக்க வேண்டியத நீங்க ஏன் குடுக்குறீக? நீங்க நிறுக்கலையே,” என்றேன். “அந்தக் காசுல வந்த சோத்தத் தின்னுதான இந்த ஒடம்பு?” என்றார். எங்களைப் போல மீன் போடுகிற இன்னும் சில வீடுகளுக்கும் அவர் அன்றைக்கே போக வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் திண்டாடிக்கொண்டு நின்றார். வள்ளத்து எஞ்சின் பழுதாகிக் கிடந்த நேரம். கடைசியில் அவர்தான் வாங்கிக்கொண்டார். அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. எங்களுக்குச் சேர வேண்டிய காசுதான் அது. எஞ்சின் இப்போது நன்றாக ஓடுகிறது. அதிகாலையில் அது கிளம்புகிற சத்தத்தில் நான் விழித்துக்கொண்டு, மதினியின் முழங்காலை நினைப்பேன்.

அவ்வப்போது கொண்டுவந்து கொடுக்கிறார். நான் வேண்டாம் என்பேன், அவர் வாசற்படியில் வைத்துவிட்டுப் போவார். நடை ஒவ்வொரு தடவையும் மோசமாகிக்கொண்டு வருகிறது. போன மாதம் என்னால் தாங்க முடியவில்லை. ஈயக்குண்டுப் பட்டியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். அண்ணன் வெளியே போயிருந்தார். மதினி முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பட்டியைப் பார்த்ததும் முகம் மாறியது.

“கட்டுங்க மதினி. நான் எண்ணுறேன்.”

“வேணாம் புள்ள.”

“ஏழு கிலோ எறங்குனீக. டாக்டரு அருமைன்னு சொன்னாரு. நான்தான் அன்னைக்கு வாயத் தொறக்கல. இப்பச் சொல்றேன்.”

மதினி கீரைக் காம்பை நசுக்கினார். “கேட்டுச்சு. அன்னைக்கே கேட்டுச்சு,” என்றார். “நீங்க ரெண்டு பேரும் சொல்வீகளான்னுதான் திருவாடானை வரைக்கும் பாத்தேன்.”

நான் முறத்திலிருந்து ஒரு கொத்துக் கீரையை எடுத்து ஆயத் தொடங்கினேன்.

“நீ ஒண்ணும் வெசனப்படாத. எனக்குக் கோவம் இல்ல. ஆனா ஒன் மூஞ்சிக்கு முன்னால கடன வச்சிக்கிட்டு ஒன்கூட ஒக்காந்து சிரிக்க முடியல. காசு தீரட்டும். அன்னைக்கு நானே வாரேன். லாத்தாவையும் வரச் சொல்லு. குண்டக் கட்டு, கத்து, கழுத்தப் பிடி, எல்லாத்துக்கும் வாரேன்.”

“நான் காசே வேணாங்குறேன் மதினி. தீந்துருச்சுன்னு வச்சிக்கங்க.”

“அப்படி வச்சிக்கிறதுக்கு நான் என்ன அந்தத் தராசா?” என்றார்.

பட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். கோயிலில் இப்போதும் சாமியார் பீடத்திலிருந்து இறங்கி அவரிடம் வருகிறார். நான் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தக் கால் முழுதாகப் போய்விடுவதற்குள் கடன் தீர வேண்டுமே என்றுதான் பயம். சீட்டுக் காசு முடிந்துவிட்டது, இப்போது கோழி முட்டை விற்றுக் கொடுக்கிறார் என்று கேள்விப்படுகிறேன். வாசற்படியில் அவர் வைத்துவிட்டுப் போனதையெல்லாம் நேற்றுக் கூட்டிப் பார்த்தேன். இன்னும் பாக்கி பதினாறாயிரத்து ஐந்நூறு ரூபாய்.